பேசினவங்க அவுட்டு

ரயில் கிளம்பி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் பொத்தான் துணி அலுத்துவிட்டது. பன்னிரண்டு பொத்தான், பன்னிரண்டு காஜா. ஒரு வாரம் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து தைத்தது. சட்டைக் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் காஜா எடுக்கிறவள் அவள். அங்கே மேனேஜர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் காஜாக்காதான். நாலரை வயதுக் குட்டிக்கு இந்தத் துணி இரண்டு மணி நேரமாவது தாங்கும் என்று நம்பியிருந்தாள். குட்டி பன்னிரண்டையும் மாட்டி, பன்னிரண்டையும் கழற்றி, துணியை அம்மா மடியில் போட்டுவிட்டு, "அடுத்தது?" என்றது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நடுவுலவனுக்கு எட்டு வயது. அவனுக்காக முப்பது விடுகதைச் சீட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். விடையைப் பின்பக்கத்திலேயே எழுதியதுதான் அவள் செய்த மடத்தனம். பயல் முப்பதையும் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாம் தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று சாதித்தான். ஜன்னலோரம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பதின்மூன்று வயதுப் பெரியவளுக்கு என்ன எடுத்து வைப்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு நோட்டும் நாலு கலர் பேனாவும் வைத்தாள். அவை பையை விட்டு வெளியே வரவே இல்லை. மூன்று வெவ்வேறு வயதுக்கும் சேர்த்து ஒரு விளையாட்டு கண்டுபிடி என்பது, ஒரே பானையில் மூன்று பதத்தில் சோறு வடி என்கிற மாதிரிதான். ஆனாலும் அவள் விடமாட்டாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற புருஷனைப் பார்க்க லீவுக்கு லீவு எட்டு மணி நேரம் இப்படித்தான் போய் வருகிறாள்.

எதிர் இருக்கைக்காரர் நல்ல மனிதர். ஐம்பது வயது இருக்கும், மடியில் தடிமனாக ஒரு புத்தகம். ஏறினதுமே எழுந்து, "பையெல்லாம் மேல வச்சிடட்டுமாம்மா? கால் நீட்ட இடம் கிடைக்கும்" என்றார்.

"வேண்டாங்க. கைக்கெட்டுற மாதிரியே இருக்கட்டும்" என்றாள்.

தலைக்கு மேல் சாமான் தட்டு வெறுமனே கிடக்க, நாலு பையும் ஒரு கூடையும் காலடியில் அடைந்து கிடந்தன. அவர் வேறொன்றும் கேட்காமல் தன் காலை மடக்கிக்கொண்டார்.

அடுத்த விளையாட்டு ஜன்னல் விளையாட்டு. எதைப் பார்த்தாலும் முதலில் பார்க்கிறவர் கத்திச் சொல்ல வேண்டும். "பாலம்!" என்றான் நடுவுலவன். "நாய்!" என்றது குட்டி, நாயே இல்லாத வெளியைப் பார்த்து. "பொய்யி!" "இருந்துச்சு!" பின் இருக்கையிலிருந்து யாரோ, "பெத்தவளே கத்த விட்டா யார் என்ன சொல்றது" என்று முணுமுணுத்தார்கள். காஜாக்காவுக்கு அது கேட்டது. சொன்னால் சொல்லட்டும் என்று இருந்தாள். பயணத்தில் பிள்ளைகள் ஐந்து நிமிஷம் வாயை மூடாதா என்று எல்லாத் தாயும் ஏங்குவாள்; இவள் மட்டும் அந்த ஐந்து நிமிஷம் வந்துவிடக் கூடாதே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு பிள்ளை கொஞ்சம் அமைதியாகிவிட்டால் போதும், விலாவில் விரலால் குத்தி, "என்ன பார்க்குற? சொல்லு" என்பாள். பெரியவளைத்தான் ஒன்றும் செய்ய முடிவதில்லை. வீட்டில் வாயாடுகிறவள், வண்டியில் ஏறினால் ஊமை. வயசு அப்படி, அந்த ஒயர் அப்படி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அவள் தோள் ஏறி இறங்குகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வருவாள்.

எதிர் இருக்கைக்காரர் மூன்றாவது முறையாக அதே பக்கத்தை ஆரம்பித்து, புத்தகத்தை மூடினார். "நான் பல் டாக்டர்மா. நாள் முழுக்க வாயத் தொறங்க, வாயத் தொறங்கன்னு சொல்றவன். இன்னைக்கு ஒரு நாள் மூடுங்கன்னு சொல்லணும்போல இருக்கு" என்று சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். மனுஷன் நோகாமல் சொல்கிறார்.

அந்த நேரம் பார்த்துக் குட்டி பால் டம்ளரைக் கவிழ்த்தது. பாவாடை, இருக்கை, பொத்தான் துணி எல்லாம் பால். "அஞ்சே நிமிஷம், பார்த்துக்கோ" என்று பெரியவள் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டு, துணியையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள்.

இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் ரப்பர் மடிப்பு எங்கோ கிழிந்திருந்தது. காற்று அதில் புகுந்து மெல்ல விசிலடித்தது. நிற்கும், மறுபடி இழுக்கும். அவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

அவனுக்கு நெஞ்சு இப்படித்தான் விசிலடிக்கும். பெரியவளுக்கும் நடுவுலவனுக்கும் இடையில் பிறந்தவன். மூச்சிரைப்புக்காரன். "என்னடா குக்கர், இன்னைக்கு எத்தன விசில்?" என்று அவன் அப்பா கேட்பார், அவனும் பெருமையாக எண்ணிச் சொல்வான். நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியான பஸ்ஸில், அவனுக்கு ஆறு வயது. குட்டி கைக்குழந்தை, தூங்குவேனா என்று அழுதுகொண்டிருந்தது. மற்ற மூன்றும் காட்டுக் கத்தல். அப்போதுதான் அவளுக்கு அந்த அருமையான யோசனை வந்தது. "யாரு கடைசி வரைக்கும் பேசாம இருக்காங்களோ, அவங்கள அப்பா கிரேன்ல ஏத்துவாரு. பேசினவங்க அவுட்டு." சொன்ன மாத்திரத்தில் பஸ்ஸே அடங்கியது. குழந்தை தூங்கிற்று. நாலு வயதாயிருந்த நடுவுலவனும் தூங்கிப்போனான். அவளுக்கும் கண் அசந்தது. இருபது நிமிஷம் இருக்கும். விழித்துப் பார்த்தபோது பெரியவள் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருந்தாள். அவன் அக்கா தோளில் சாய்ந்திருந்தான். விசில் நின்றிருந்தது. பய ஜெயிச்சுட்டான், என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். நினைத்துச் சிரித்தும்விட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் இந்த நாலு வருஷமாக அவளால் முகத்திலிருந்து கழுவ முடியவில்லை. இன்ஹேலர் மேல் தட்டில், பைக்குள், எட்டினால் கைக்கு வருகிற தூரத்தில் இருந்தது. வீட்டுக் குக்கர் அன்றைக்குப் பரண் ஏறியது. அதற்குப் பின் அவள் சோறு வடிப்பது பானையில்தான்.

துணியை அரைகுறையாகப் பிழிந்துகொண்டு திரும்பினாள். பெட்டிக் கதவைத் திறந்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. சத்தம் இல்லை. சக்கரச் சத்தம் மட்டும்.

மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவுலவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தான். குட்டி கன்னம் உப்ப, உதட்டை உள்ளே மடித்து, கண்ணால் மட்டும் அம்மாவைப் பார்த்தது. பல் டாக்டர் தன் உதட்டில் விரலை வைத்து அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். விரித்த இடது உள்ளங்கையில் ஒரே ஒரு மிட்டாய், மஞ்சள் காகிதம் சுற்றியது.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதான் போட்டி வச்சேன்" என்றார் மெதுவாக. "அம்மா வந்து பேச வைக்கப் பார்ப்பாங்க, ஏமாந்துடாதீங்கன்னும் சொல்லியிருக்கேன்."

"பேசுங்க" என்றாள் அவள்.

நடுவுலவன் தலையை ஆட்டினான். கண் சிரித்தது.

"பேசுங்கடா. குட்டி, பேசு. என்ன பார்த்த? சொல்லு."

குட்டி இன்னும் இறுக்கமாக உதட்டை மடித்தது. அவள் அதன் தோள் இரண்டையும் பிடித்தாள். பிடித்தது எப்போது உலுக்கலாயிற்று என்று அவளுக்கே தெரியாது. ஈரத் துணி கீழே விழுந்தது, டம்ளர் உருண்டது. குட்டி அப்போதும் பேசவில்லை. கண் மட்டும் நிறைந்தது. நாலரை வயதுக்குள் அத்தனை பிடிவாதம். அதே பிடிவாதம். பல் டாக்டர் முகத்தில் சிரிப்பு செத்து, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்.

"அம்மா, விடு. அவளுக்கு ஒண்ணும் இல்ல. மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கா."

பெரியவள்தான். காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தாள். அதன் மறுமுனை எதிலும் செருகாமல் அவள் மடியில் கிடப்பதைக் காஜாக்கா அப்போதுதான் பார்த்தாள். பாட்டு ஒன்றும் ஓடவில்லை. இத்தனை நாள் இது வெறுமனே காதை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அவன் என் கையப் பிடிச்சு இழுத்தாம்மா" என்றாள் பெரியவள்.

யார் என்று அவள் கேட்கவில்லை.

"ரெண்டு தடவ இழுத்தான். மேல காட்டினான், பைய. என்னப் பேச வைக்கத்தான் ஏமாத்துறான்னு நெனச்சேன். கிரேன்ல நான்தான் ஏறணும்னு இருந்துச்சு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்." குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. எத்தனை பயணத்தில், எத்தனை ஜன்னலைப் பார்த்து ஒப்பித்துப் பழகினாளோ.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, காஜாக்காவுக்கு அந்த முகத்தை அறைய வேண்டும்போல் இருந்தது. பெற்ற வயிறு பற்றி எரிந்தது. காட்டியிருக்கிறான். என் பிள்ளை கையை நீட்டிக் காட்டியிருக்கிறான். அடுத்த நொடி அந்த நெருப்பு முழுக்க அவள் மேலேயே திரும்பி விழுந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையை வாயை மூடு என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனவள் அவள். அந்தப் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

மண்டியிட்ட மாதிரி பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பெரியவளின் கையை எடுத்தாள். இடது கையா, வலது கையா, எதை இழுத்திருப்பான்? இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஆட்டத்த ஆரம்பிச்சது நான்டி. தூங்கினதும் நான்" என்றாள். வேறு என்னவெல்லாமோ சொல்ல வேண்டியிருந்தது. பெரியவள் அம்மாவின் தலையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். சத்தமாக, வண்டியே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். பின் இருக்கையிலிருந்து இப்போது யாரும் முணுமுணுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் குட்டி, ரொம்ப யோசித்து, ரகசியம்போலச் சொல்லிற்று: "அக்கா அவுட்டு."

"நீயும் அவுட்டு, இப்போ பேசிட்டல்ல" என்றான் நடுவுலவன்.

"நீயும்தான்."

"அம்மாவும். அங்கிளும்." நடுவுலவன் விரல் விட்டு எண்ணினான். "எல்லாரும் அவுட்டு. அப்போ மிட்டாய் யாருக்கு?"

பல் டாக்டர் உள்ளங்கையை மூடவும் தெரியாமல், நீட்டவும் தெரியாமல் வைத்திருந்தார். "எனக்குத் தெரியாதும்மா... நான் சும்மா..." என்றார். காஜாக்கா தலையை மட்டும் அசைத்தாள். அவர் மேல் என்ன தப்பு, பாவம்.

பெரியவள் முகத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்து மிட்டாயை எடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கைமேல் ஏறி நின்றாள். வண்டி ஆடியது, அம்மா எட்டி அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். காலியாகக் கிடந்த சாமான் தட்டில், கம்பிகளுக்கு நடுவில், மிட்டாயை வைத்துவிட்டு அவள் இறங்கினாள். வண்டி ஒரு வளைவில் திரும்பியபோது அந்த மஞ்சள் காகிதம் தட்டின் ஓரம்வரை நகர்ந்து வந்து, நின்று, மறுபடி உள்ளே போயிற்று.