வன்னியம்பட்டிக் கிணற்று வழக்கு

அழகுத்தாய் குடத்தோடு வந்தபோது பேராசிரியை பரிபூரணம் இன்னும் பேசி முடித்திருக்கவில்லை.

1991 பிப்ரவரி. வன்னியம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சட்டக் கல்லூரி மாணவர்கள் முகாம் போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து பஸ்ஸில் பன்னிரண்டு பேரை பரிபூரணம் அழைத்து வந்திருந்தார். மேசை மேல் 'இலவசச் சட்ட உதவி' என்று அச்சடித்த நோட்டீஸ் கட்டு ஒன்று கிடந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அழகுத்தாய், குடத்தை அப்படியே அந்தக் கட்டின் மேல் கவிழ்த்தாள். ஊதா நிறத் தண்ணீர் மேசையிலிருந்து வழிந்து தரையில் ஓடியது.

"இத வாசிங்க. எங்க கெணத்துல எறைச்சது. போன வருசமும் இப்பிடித்தான் ரெண்டு பேரு வந்தாவ, பேசுனாவ, வடை தின்னாவ, போயிட்டாவ. நீங்களும் நோட்டீஸ் குடுத்துட்டுப் போயிருவிய. இத நாங்கல்லா குடிக்கணும்?"

ஒரு மாணவன் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டான். சௌதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இறுதியாண்டு படிக்கும் அவள் ராஜபாளையத்துக்காரி. அந்த ஊதா அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய அத்தா பீர் மைதீன் சாயப்பட்டறை வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது நகக்கண்களில் ஒட்டியிருப்பது அதே நிறம்தான்.

பட்டறை ஊருக்கு மேற்கே, ராஜபாளையம் ரோட்டோரம் இருந்தது. முதலாளி காசிராஜன். நூலுக்குச் சாயம் ஏற்றிய கழிவுத் தண்ணீர் ஓடையில் இறங்கி, ஓடைக்கரைக் கிணறுகளில் ஊறிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் கேட்டபோதெல்லாம், அது மழைத்தண்ணி அடித்து வந்த செம்மண் என்று காசிராஜன் சொல்லிவந்தார்.

"அடுத்த சனிக்கிழமை வர்றோம்மா" என்றார் பரிபூரணம்.

"பாப்போம்" என்று வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள் அழகுத்தாய்.

வந்தார்கள். அடுத்தடுத்து ஒன்பது சனிக்கிழமை வந்தார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து பதினான்கு கிணறுகளையும் பார்த்தார்கள். எந்தக் கிணற்றில் என்ன நிறம், யார் யார் குடிக்கிறார்கள், எந்தப் புஞ்சையில் பருத்தி கருகியது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். முதல் வாரம் பேச மறுத்தவர்கள் மூன்றாவது வாரம் தாங்களாகவே கூப்பிட்டுச் சொன்னார்கள். ஒருவரே எல்லாருக்காகவும் வழக்குப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று பரிபூரணம் விளக்கியதும், அழகுத்தாய் பெருவிரலை நீட்டினாள்.

"மொதப் பேரு என் பேரு. எழுதுங்க."

அவளுக்குப் பின்னால் அறுபத்திரண்டு பேர் கையெழுத்தோ கைரேகையோ வைத்தார்கள். மாணவர்கள் கோர்ட்டில் நின்று வாதாட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்த வக்கீல் பால்பாண்டி வழக்கை எடுத்துக்கொண்டார். தாவா மனுவைத் தயார் செய்தது மாணவர்கள். சௌதா இரவல் தட்டச்சு இயந்திரத்தில் நாற்பது பக்கம் அடித்தாள்.

வழக்குப் பதிவான வாரமே கல்லூரி நிர்வாகம் பரிபூரணத்தைக் கூப்பிட்டு விட்டது. "பாடம் நடத்துறதுதான் உங்க வேலை. தொழிலதிபர்களோட சண்டை எதுக்கு?" என்றார்கள்.

"சட்ட உதவின்னு நோட்டீஸ்ல நாமதான் அச்சடிச்சோம் சார். உதவக் கூடாதுன்னா அந்த வார்த்தையை அடிச்சுட்டு நோட்டீஸ் போடுங்க. கீழ நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் அவர். அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த சனிக்கிழமையும் பஸ் ஏறினார்.

காசிராஜன் பீர் மைதீனைத்தான் பிடித்தார். அன்று வீட்டுக்கு வந்த பீர் மைதீன் சட்டையைக்கூடக் கழற்றாமல் மகள் எதிரே உட்கார்ந்தார்.

"ஏட்டி சௌதா, மொதலாளி கேக்காவ. நீ அந்த ஊருப் பக்கம் இனி போகக் கூடாதாம். போனா நான் வேலைக்கு வர வேண்டாமாம். பத்தொம்பது வருசம் அங்க நிக்கேன். நீ படிச்சதே அந்தச் சாயத்துலதான்."

"தெரியும்த்தா."

"தெரிஞ்சுமா போற?"

"தெரிஞ்சதுனாலதான் போறேன். எனக்குத் தெரியாதுன்னு சொல்லச் சொல்லுதியளா?"

அடுப்படியில் நின்ற நூர்பானு மகளையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். பீர் மைதீன் எழுந்து போய்விட்டார். நான்கு நாள் மகளோடு பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், மேசையில் கிடந்த அவளுடைய நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, விரலை வைத்துக்கொண்டே கேட்டார்.

"இந்தப் பாலம்மா மவன்... காலெல்லாம் புண்ணுன்னு எழுதியிருக்கியே. அவன் குளிக்கதும் அந்தத் தண்ணியிலதானா?"

"வேற தண்ணி ஏதுத்தா அங்க?"

அவர் நோட்டை மூடி வைத்தார். அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

ஜூன் மாதம் கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்தது. இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டிய அவர் ஒரு இளம் வக்கீல். அவர் வருவது காசிராஜனுக்கு இரண்டு நாள் முன்பே தெரிந்துவிட்டது. பட்டறையில் சாயத்தொட்டிகளைக் காயப்போட்டார்கள். ஓடைப் பக்கம் இரண்டு லாரி மண் கொட்டி நிரவினார்கள்.

கமிஷனர் ஓடைக்கரையில் நடந்து பார்த்தார். மண் மேட்டைத் தவிர ஒன்றும் இல்லை. "பட்டறைக் கழிவு வரும் குழாய் எதுவும் காணப்படவில்லை" என்று எழுதத் தொடங்கினார்.

"எழுதாதிய சார்! மண்ணு நேத்துக் கொட்டுனது. ஈரம்கூடக் காயலை" என்று கத்திய அழகுத்தாய், வேலி ஓரம் கிடந்த மண்வெட்டியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். காவல்காரர் தடுக்க வந்தார். பால்பாண்டி குறுக்கே நின்றார். "ஓடை சர்க்கார் நிலம்யா. வெட்டட்டும்." மற்றப் பெண்களும் கையாலேயே மண்ணை அள்ளினார்கள். ஒரு இடத்தில் தோண்டினார்கள், பாறை வந்தது. இன்னொரு இடத்தில் தோண்டினார்கள், வெறும் மண். காசிராஜன் பட்டறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கமிஷனர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது பட்டறைக்குள்ளிருந்து பீர் மைதீன் வந்தார். முதலாளியைத் தாண்டி, வாசலைத் தாண்டி, சரிவில் இறங்கினார்.

"அங்க இல்ல தங்கச்சி. நாலடி வடக்க."

"பீரு!" என்றார் காசிராஜன். "உள்ள போ."

பீர் மைதீன் திரும்பிப் பார்க்கவில்லை. அழகுத்தாயின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, நான்கு அடி வடக்கே தள்ளி வெட்டினார். முழங்கால் ஆழத்தில் சிமெண்டுக் குழாயில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. வாயில் அடைத்திருந்த சாக்கை அவர் பிடுங்கினார். தேங்கியிருந்த ஊதாத் தண்ணீர் அவர் வேட்டியை நனைத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கியது.

"எழுதிக்கிடுங்க சார். ஒம்பது இஞ்சுக் குழாய். எம்பத்திரண்டுல பதிச்சது. பதிச்சது நான்தான். என் பேரு பீர் மைதீன்."

சௌதா ஓர் அடி முன்னால் வந்தாள். அத்தா அவளைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை அழகுத்தாயிடம் கொடுத்துவிட்டு, பட்டறைக்குள் போய்த் தன் சட்டையையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வேலை அன்றோடு போயிற்று.

தீர்ப்பு வர ஒன்றரை வருஷம் ஆனது. பட்டறை ஒரு சொட்டுக் கழிவையும் ஓடையில் விடக் கூடாது, சுத்திகரிப்புத் தொட்டி கட்டும்வரை சாயம் போடக் கூடாது, அதுவரை ஊருக்குக் குடிதண்ணீர் லாரி அனுப்ப வேண்டும் என்றது கோர்ட். கிணறுகள் ஒரேயடியாகத் தெளிந்துவிடவில்லை. அழகுத்தாய் கிணற்றை மூன்று முறை இறைத்த பிறகும் தண்ணீர் உவர்ப்பாகவே இருந்தது. பாலம்மாள் மகனுக்குப் புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. பீர் மைதீன் ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, சேத்தூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் சேர்ந்தார். சம்பளம் பாதி.

காசிராஜன் அப்பீல் போட்டார். அதற்குள் சௌதா வக்கீலாகப் பதிந்து பால்பாண்டியிடம் ஜூனியராக இருந்தாள். பரிபூரணம் அடுத்த வகுப்பு மாணவர்களை அழைத்து வந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வன்னியம்பட்டியிலிருந்து நாற்பது பெண்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்தார்கள். எதிர்த்தரப்பு நாலாவது முறையாக வாய்தா வாங்கிய அன்று, கோர்ட் சிப்பந்தி வந்து, "இம்புட்டுப் பேரு எதுக்கு வாரிய? இது இன்னும் பத்து வருசம் இழுக்கும். வீட்டுல போயி இருங்க" என்றார்.

அழகுத்தாய் எழுந்திருக்கவே இல்லை.

"வாய்தா கேக்க அவியளுக்கு உரிமை இருக்குல்லா? அப்ப வந்து உக்கார எங்களுக்கும் இருக்கு. பத்து வருசம்னா பத்து வருசம் வாரோம்" என்றவள் சௌதா பக்கம் திரும்பினாள். "அடுத்து என்னைக்கு, ஏட்டி?"

"மார்ச் பதினேழு."

"ஏய், எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் அழகுத்தாய். "மார்ச் பதினேழு."