வடை மேல் உட்கார்ந்த ஈ

அரிமளம் டூரிங் டாக்கீஸுக்கு அந்தச் சிரிப்புப் படம் வந்ததிலிருந்து அடைக்கலத்தின் வடை போணியாகவில்லை. முன்பெல்லாம் இடைவேளை விட்டதும் கூட்டம் மூங்கில் தட்டைக் காலி பண்ணிவிட்டுத்தான் நகரும். இப்போது எட்டிப் பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஒருவன் ஈயைப்போல இரண்டு கையையும் தேய்த்துக் காட்டினான்.

அடைக்கலம் போய் டாக்கீஸ் மேனேஜர் குமரப்பனைப் பிடித்தார்.

"என்ன செட்டியாரே, என்ன படம் போடுறீங்க?"

"பட்டணத்து டாக்டர் ஒருத்தர் கிருமியைப் பத்திப் புத்தகம் எழுதினாரு. நல்லா வித்துச்சு. அதையே தமாஷாப் படம் எடுத்திருக்காங்க. ஜனங்களுக்கு நல்லதுதானே?"

"கிருமிய அவரு பாத்தாராக்கும்?"

"கண்ணாடி வச்சுப் பாத்தாராம்."

"அப்ப அது கண்ணாடியில இருந்த அழுக்கு."

குமரப்பன் சிரிக்கவில்லை. "வியாபாரம் இப்படியே படுத்தா, வாசல் இடத்தைச் சவரியப்பனுக்குக் குடுக்கச் சொல்லி முதலாளி நிக்கிறாரு. யோசிச்சுக்கங்க."

அடைக்கலத்துக்கு விளங்கிவிட்டது. சவரியப்பன் பக்கத்தில் சோடா விற்கிறவன். கோலி அடைத்த பாட்டில். ஈ எங்கே நுழையும்? வடையைக் கெடுத்துச் சோடாவை வாழவைக்கத்தான் இந்தப் படம் அரிமளம் வரை வந்திருக்கிறது. சும்மா வருமா ஒரு படம்?

அன்றைக்கே தரை டிக்கெட் வாங்கி உள்ளே போனார். சோடாவை எங்கே புகழ்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். திரையில் ஒரு குண்டன் காகித இறக்கையைக் கட்டிக்கொண்டு, குப்பைமேட்டில் காலைத் துடைத்துவிட்டு, வடைத் தட்டில் உட்கார்ந்து பாடினான். கொட்டகை குலுங்கியது. அப்புறம் கழுவாத கையில் கிருமிகள் ஊர்வலம் போயின. கடைசிவரை சோடா வரவே இல்லை.

'வெட்டி எடுத்திருப்பானுக' என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் தட்டின்மேல் வெள்ளைத் துணி போட்டார். அது இன்னும் கெடுதலாகப் போயிற்று. அந்த ஊர்ச் சந்தையில் மூடி விற்றால் பழசு என்று அர்த்தம்.

"துணிய எடுத்துருங்கண்ணே," என்றான் சவரியப்பன். "நேத்துப் போட்ட வடைன்னு பேசிக்கிறாங்க."

நல்லது சொல்கிறானே, என்ன காரியமாக இருக்கும் என்று பார்த்தார் அடைக்கலம். துணியை எடுக்கவில்லை. வடையும் போகவில்லை.

அதற்கு மறுநாள் வீட்டில் சுடாமல், அடுப்பையும் இருப்புச் சட்டியையும் தூக்கிவந்தார். கீற்றுக் கொட்டகைப் பக்கம் நெருப்பு கூடாது என்பது சட்டம். எனவே ரோட்டுக்கு அங்கிட்டு, காற்று கொட்டகையைப் பார்த்து அடிக்கிற இடமாகப் பார்த்து மூட்டினார். எண்ணெய் காய்ந்து தயாராக இருந்தது. ஒலிபெருக்கியில் ஈயின் பாட்டு தொடங்கியதும் மாவைத் தட்டிப் போட்டார்.

பாட்டு முடியவில்லை. தரை டிக்கெட்டில் ஒருவன் எழுந்து வந்தான். பின்னாலேயே நாலைந்து பேர். அப்புறம் பெஞ்சு டிக்கெட்டே வந்தது.

"கொதிக்கிற எண்ணெயில எந்த ஈ உக்காரும்? வந்து உக்காரச் சொல்லுங்கடா பாப்போம்!" என்று கூவினார் அடைக்கலம்.

குமரப்பன் மூச்சு வாங்க ஓடிவந்தார். "அடப்பாவி மனுசா! உள்ளே யாருக்கு ஓடுது படம்?"

"எனக்கென்ன தெரியும்? ஈயைக் கேளுங்க."

செட்டியார் சட்டியைப் பார்த்தார். வாசனை அவரையும் விடவில்லை. "சரி, சரி. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன். இடைவேளை வரைக்கும் அடுப்பை அமத்தி வைங்க, வாசல் ஒங்களுக்குத்தான். ரெண்டு குடுங்க."

நீட்டிய கையை அடைக்கலம் உற்றுப் பார்த்தார். அந்த ஊர்வலம் நினைவுக்கு வந்து தொலைத்தது.

"கழுவுனீங்களா?"

குமரப்பன் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். சவரியப்பன் சிரித்துக்கொண்டே ஒரு சோடாவை உடைத்து அவர் கையில் ஊற்றினான். தன் கையையும் கழுவி நீட்டினான்.

அடைக்கலம் அவனுக்கும் இலையில் ஒரு வடை வைத்தார். அவன் அதை விழுங்கி முடிக்கிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.