ஆறுதல் கடைசிப் பத்தியில்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில், ஞாயிறு ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது, இணைய உடல்நலப் பக்கம் ஒன்றில் எழுதும் கெசீனே ஆலர்ஸ் என்னிடம் பாதி சொல்லி நிறுத்தியது. மீதிப் பாதி அப்போது அவளுக்கே தெரியாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சத்தமில்லாமல் கொல்லும் கணையப் புற்றுநோய்! பத்தில் ஒருவரே பிழைக்கிறார்..."

அடித்துவிட்டேன். அது அவள் வேலையின் வாக்கியம். அங்கே பயம் தலைப்பில் நிற்கும். ஆறுதல், விளம்பரங்களுக்கெல்லாம் கீழே, கடைசிப் பத்தியில்.

2

கெசீனே வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஹெர் டிர்க்ஸ் (ஹெர் என்றால் திரு) தனியாக வசிக்கிறார். அவள் இல்லாதபோது வரும் பார்சல்களை வாங்கி வைப்பவர். அந்த ஞாயிறுக்குச் சில நாள் முன்பு பார்சல் கேட்டுப் போனவளை உட்காரவைத்து, கல்கண்டு போட்டுத் தேநீர் ஊற்றினார்.

"என் தக்காளிச் செடியெல்லாம் நீங்க எடுத்துக்குங்க, ஃபிராவ் ஆலர்ஸ்."

"ஏன், நீங்க எங்க போறீங்க?"

"மேல." கூரையைக் காட்டினார். "உங்க வீட்டுக்கு இல்ல, பயப்படாதீங்க. அதையும் தாண்டி."

கணையத்தில் கட்டி. சிறியதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டது. அடுத்த வியாழனன்று அறுவை சிகிச்சை. வேண்டாமென்று சொல்லிவிடப் போகிறாராம்.

"நம்பிக்கை இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. வேற என்ன சொல்வாரு? இதுல உண்மையப் போட்டிருக்காங்க, பாருங்க."

கைபேசியை நீட்டினார். பத்தில் ஒருவர். கெசீனே எழுதியது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆசிரியர் குழு' என்று மட்டும் இருந்தது.

"கடைசிவரைக்கும் படிச்சீங்களா?"

"செத்துருவேன்னு தெரிஞ்சப்புறம் மிச்சத்த எதுக்குப் படிக்கணும்?"

(முற்றிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களையும் சேர்த்த கணக்கு அது. சீக்கிரம் தெரிந்தால் நிலைமை வேறு. அதையும் எழுதியிருந்தாள், கடைசிப் பத்தியில்.)

3

இங்கே அவளை நான் சந்தேகித்தேன். அப்போதே சொல்லியிருக்கலாமே? ஒரு வரைவில் சொல்லவும் வைத்தேன். கெசீனே அவர் கையைப் பற்றிக்கொண்டு...

இல்லை. அவள் பார்சலை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டாள். மறுநாள் தலைமை ஆசிரியன் டோர்பெனிடம் போனாள்.

"அந்தக் கடைசிப் பத்திய மேல கொண்டுவரட்டுமா?"

"ஆறுதல மொதல்லயே குடுத்துட்டா, அதுக்குக் கீழ யாரு படிப்பா? நாம என்ன பாதிரியாரா, கெசீனே?"

"எங்க கீழ்வீட்டுக்காரர் பயத்தோடயே நிறுத்திட்டாரு, டோர்பென். ஆபரேஷனே வேணாங்கிறாரு."

டோர்பென் அந்தப் பக்கத்தைத் திரையில் திறந்தான். பிறகு, "மாத்திக்கோ," என்றான். "யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

(அடிக்குறிப்பு: அவனைக் கெட்டவனாக்கத்தான் நினைத்திருந்தேன். அந்தக் கடைசி வாக்கியம் விடவில்லை. இறைவன் இப்படிச் சிறிய இடங்களில்தான் வேலை செய்கிறான் என்று நம்புகிறேன்.)

4

பக்கம் மாறியது. ஆனால் படித்து முடிவெடுத்துவிட்டவர் மறுபடி ஏன் அங்கே போகப்போகிறார்? ஞாயிறன்று என்னிடம் இதுவரை சொன்ன கெசீனே, காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"நேரா அவர் வீட்டுக்குத்தான் போறேன். எழுதுனது நான்தான்னு மொதல்ல சொல்லவா, கட்டி சின்னதுதானேன்னு மொதல்ல சொல்லவா?"

அவள் கோட்டை எடுத்து நீட்டினேன்.

5

பிறகு நடந்தது எனக்குத் தெரியும். அவர் சிகிச்சைக்குப் போனார் என்று ஒரு முடிவும், போகவில்லை என்று ஒரு முடிவும் எழுதி, இரண்டையும் எடுத்துவிட்டேன். அதே நோயோடு யாராவது இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். டிர்க்ஸுக்கு நடந்ததைத் தனக்கு நடக்கப்போவதாக அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவ்வளவு மட்டும் சொல்லலாம்: கெசீனே தட்டினாள். அவர் கதவைத் திறந்து, "உள்ள வாங்க," என்றார். எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

முதல் வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள். அவர் அதற்குமேல் கேட்காமலும் போகலாம்.