நனைகூடத்துக் கடன்

“கதை சொல்றப்போ மட்டும் பெரியம்மா கை ஏன் நின்னுபோகுது?” என்று ஒரு சிறுமி ஒருநாள் கேட்டாள். கேட்ட இடம் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம். பொழுது, வெயில் கனிந்து சாயும் பிற்பகல். உயர்ந்த சாளரங்களின் வழியே சரிந்து இறங்கிய ஒளியைக் கொதிகலங்களின் ஆவி பாலெனக் கரைத்து, கொடிகளில் தொங்கிய விரிப்புகளின்மேல் மெல்லத் தெளித்துக்கொண்டிருக்க, மடிப்புப் பலகைகளின் அருகே பெண்டிர் இருவர் இருவராய் விரிப்பின் முனைகளைப் பற்றி விலகியும் நெருங்கியும் மீண்டும் விலகியும் இயங்கிய அழகு, தெளிந்த நீருக்கடியில் நிகழும் கூத்தைக் கரையில் நின்று காண்பது போலிருந்தது. நோயுற்றோரின் உடற்சூட்டைத் தாங்கி வந்த வெண்துணிகள் தம் வருத்தமெல்லாம் கழுவப்பெற்று, பசியாறிய குழந்தைகள் போல அடுக்கடுக்காய் உறங்கின. சிறுமியின் சொற்கேட்டு எல்லாரும் சிரித்தனர். பலகையோரம் குறிப்பேட்டோடு அமர்ந்திருந்த ஓவியப் பெண்ணும் சிரித்து, அதனை அழகியதொரு வரியாக எழுதிக்கொண்டாள். விடை தேட வேண்டிய வினாவாக எழுதிக்கொள்ளவில்லை.

கலைஞர்க்கு நல்கை வழங்கும் அறநிலையம் ஒன்று, ஓராண்டு இப்பெண்டிரோடு பழகி, அவர்தம் கதைகளைக் கேட்டு, அவர்களோடு சேர்ந்தே அவற்றை ஒரு நெடுந்துணியில் தீட்டுமாறு அவளை அனுப்பியிருந்தது. அழுக்குத் துணிகளை ஊறவைக்கும் நனைகூடத்தை ஒட்டிய பழம்பொருள் அறையும் அதன் திறவுகோலும் அவளுக்குத் தரப்பட்டன. கதை சொல்வாருள் தலைசிறந்தவள், அச்சிறுமி ‘பெரியம்மா’ என்றழைத்தவள், முப்பது ஆண்டுகளாகச் சாளரத்தருகே நின்று துணி மடித்தமையால் ‘சன்னலக்கா’ என்று பெயர் பெற்றவள். ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது வீட்டின் கதவை மட்டும் கழற்றித் தலைமேல் சுமந்து வந்த தன் தந்தை, தங்குமிடந்தோறும் வெட்டவெளியில் அக்கதவை நிறுத்தி, பிள்ளைகள் தட்டிய பின்னரே உள்ளே வர விட்ட கதையை அவள் சொல்லும்போது, கையிலிருந்த விரிப்பு நழுவ, விரல்கள், அங்கில்லாத கதவொன்றைத் தட்டும். கேட்போர் உள்ளத்தில் அது திறக்கும்.

ஒன்பதாந் திங்களில் சாளரத்தருகே வேறொருத்தி நின்றாள். “இடம் மாத்திட்டாங்க, அவ்வளவுதான்” என்று சொல்லிச் சன்னலக்கா புன்னகையோடு நனைகூடத்துக்குள் மறைந்தாள். சாளரமற்ற அவ்விருட்கூடத்தில், தொட்டிகளில் ஊறிக் கல்லாய்க் கனத்த விரிப்புகளைக் கையால் அள்ளி வண்டிகளில் ஏற்றவேண்டும். முறைமாற்றம் போலும் என்றெண்ணி ஓவியப் பெண் இரு திங்கள் வாளாவிருந்தாள். உண்மையை உடைத்தவள், துடுக்கு நாவினளான மடிப்புக்காரி ஒருத்தி.

“சன்னலக்காவுக்குச் சன்னலே இல்லாமப் போச்சு. எல்லாம் உங்க புண்ணியம், படக்காரம்மா!”

“நான் என்ன செஞ்சேன்?”

“நீங்க ஒண்ணும் செய்யலை. உக்காந்து கேட்டீங்க. அவங்க நின்னு சொன்னாங்க. துணியை யாரு மடிக்கிறது, உங்க தூரிகையா? அடுக்கு குறைஞ்சா மேற்பார்வை ஐயா மாலை போடுவாரா?”

அப்போதுதான் அச்சிறுமியின் வினா, நீரில் இட்ட கல் தாழ்வது போல, அவள் நெஞ்சின் அடியில் சென்று தங்கியது. தன் நெடுந்துணியில் ஒளிர்ந்த ஒவ்வொரு கதையும் ஒருத்தியின் நின்றுபோன கைகளிலிருந்து எடுக்கப்பட்டது என்றுணர்ந்து, நனைகூடத்துக்கு ஓடினாள். சன்னலக்காவின் விரல்மூட்டுகள் வீங்கியிருந்தன.

“நான் ஐயாகிட்ட பேசறேன்க்கா.”

“பேசிடாதீங்கம்மா. கதையாலதான் வேலை கெட்டுதுன்னு உங்க துணியையும் பாதியில சுருட்டி வெச்சிடுவாங்க. எங்க கதையெல்லாம் அதுல இருக்கு. இந்த மாசம் முழுக்க சாயங்கால மணி அடிக்கறதுக்குள்ள தொட்டி காலியானா, பழைய இடத்தைத் தர்றேன்னு சொல்லியிருக்கார். ஒரு நாள் தவறினாலும் இங்கேதான். இந்த விரல் கேட்டாத்தானே...” என்று இழுத்தவள், “போகுது, ஆவியில நின்னா சளி பிடிக்காது” என்று சிரித்தாள்.

நல்கைக் காலத்தில் எஞ்சியிருந்ததும் அத்திங்கள் ஒன்றே. மறுநாள் கிழக்கு வெளுக்கத் தொடங்கிய பொழுதில், எவரும் வருமுன்னே, ஓவியப் பெண் பழம்பொருள் அறை வழியாக நனைகூடம் புகுந்தாள். பனிமூட்டத்தில் மூழ்கிய ஏரிகள் போல் தொட்டிகள் கிடந்தன. கையை விட்டு ஒரு விரிப்பை இழுத்தபோது, உறங்கும் ஆளொருவரைத் தூக்குவது போல் அது கனத்தது. ஒவ்வொன்றாய் ஏற்றினாள், ஆயினும் முழுதும் ஏற்றிவிடவில்லை. உழைத்துப் பெறுபவளுக்கு இரந்து பெற்றதாய் ஆகிவிடுமே என்றஞ்சி, வீங்கிய விரல்கள் மணிக்கு முன் முடிக்கக்கூடிய அளவை விட்டுவைத்தே திரும்பினாள். நாள்தோறும் இவ்வாறே நிகழ, அவளுடைய தோள்கள் நொந்தன. நெடுந்துணியில் அவள் இட்ட கோடுகள் நடுங்கின. மடிப்புக்காரிகள் அதனை அலையென்று எண்ணி நன்றெனப் புகழ்ந்தனர்.

“ராத்திரி ஆளுங்கள்ல யாரோ மகராசி பாதித் தொட்டியை ஏத்திட்டுப் போறா. எந்த வயித்துல பொறந்தவளோ, நல்லா இருக்கணும்” என்று சன்னலக்கா ஒருநாள் சொன்னாள்.

“இருப்பாங்கக்கா” என்று சொல்லிவிட்டு, ஓவியப் பெண் குனிந்து வண்ணம் குழைத்தாள்.

அறநிலையத்துக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில், ‘இம்மக்களுக்கு நீவிர் அளித்தது யாது?’ என்றொரு வினா இருந்தது. ‘வண்ணமும் துணியும்’ என்று மட்டும் எழுதினாள்.

இறுதி நாள் விடியலில், அள்ள வேண்டியதை அள்ளி, தரையில் சிந்திய நீரில் பதிந்த தன் அடிச்சுவடுகளையும் துடைத்து, திறவுகோலை அறையின் ஆணியில் மாட்டிவிட்டு அவள் வெளியேறினாள். தெருவின் கோடியை அவள் கடந்தபோது பின்னே வேலை தொடங்கும் மணி ஒலித்தது. அன்று மாலை மணி அடிக்குமுன் தொட்டிகள் காலியாயிருந்தன. மறுநாள் பிற்பகல் வெயில் சாளரத்தின் வழியே இறங்கி, முப்பது ஆண்டு பழகிய இரு கைகளைத் தேடிக் கண்டு அவற்றின்மேல் அமர்ந்தது. செய்தவள் சொல்லவில்லை, பெற்றவள் அறியவில்லை. உள்ளங்கை ஈரம் உலர்வது போல் ஓசையின்றித் தீர்ந்த அக்கடனை இறைவன் ஒருவனே அறிவான். அவனும் அதை எவரிடமும் உரைப்பதில்லை.