இரண்டாம் தரம் கேட்காதவர்

அமெரிக்கப் பேஸ்போல் கழகமொன்றின் தேர்வாளர் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரிலிருந்த அவர்கள் வீட்டுக்கு வந்த அன்று பரமேஸ்வரி உளுந்து வடை சுட்டிருந்தாள். அவர் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றார். அவள் விடுவாளா? கேட்டுக் கேட்டு இன்னும் மூன்றைத் தட்டில் வைத்துவிட்டாள்.

அவள் கணவர் மகேந்திரராசா பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். மகன் யதுர்சன் அமெரிக்காவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டே பேஸ்போல் ஆடுகிறான். அவனுடைய இடம் ஷோர்ட்ஸ்டொப். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று, சீறி வரும் பந்தை மறித்துப் பிடிக்கவேண்டும். ஜூலையில் ட்ராஃப்ட். கழகங்கள் புது ஆட்களைப் பெயர் சொல்லி எடுக்கும் அந்த நாளில் தன் பெயரும் வரவேண்டும் என்பதுதான் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே கனவு.

தேர்வாளர் ஒளிவுமறைவில்லாமல் பேச, மகள் சாரங்கா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். இந்தக் கைகளைப் போல இந்த ஆண்டு வேறெங்கும் அவர் பார்க்கவில்லையாம். பந்து எங்கே குதிக்கும் என்று அவன் கால்களுக்கு முன்கூட்டியே தெரிகிறதாம். ஆனால் மட்டையில் பலமில்லை. நன்றாக அடிப்பவன் என்றால் கழகம் அவனுக்காகக் காத்திருக்கும். பிடிக்க மட்டும் தெரிந்தவனுக்காக யாரும் காத்திருப்பதில்லை. கடைசிச் சுற்றுகளில் எடுக்கலாம். எடுத்தால் படிப்பை இடையில் விட்டுவிட்டு வருவானா? தனக்குச் சம்மதம், ஆனால் வீட்டை மீறி வரமாட்டேன் என்று யதுர்சன் சொல்லியிருந்தான்.

"அப்பா, ஓம் எண்டு சொல்லுங்கோ," என்றாள் சாரங்கா.

"பொறு பிள்ளை. கேட்ட உடனை ஓம் எண்டால் எங்களை என்னண்டு மதிப்பினம்? இன்னொருக்காக் கேக்கட்டும்."

படிப்பு முடியாமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது என்று அவரே நிமிர்ந்து ஆங்கிலத்தில் சொன்னார். சாரங்காவைக் கலியாணம் கேட்டு வந்தவர்களுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார். அவர்கள் மறுபடியும் வந்தார்கள்.

தேர்வாளர் தலையசைத்தார். கோப்பியைக் குடித்து முடித்தார். வாசலில் கைகொடுத்தபோதும் மகேந்திரராசா அந்தக் கையைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துக்கொண்டு நின்றார். தேர்வாளர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. தட்டை எடுக்கப்போன பரமேஸ்வரி, காகிதக் கைத்துடைப்பானுக்கு அடியில் மூன்று வடைகளும் அப்படியே இருப்பதைக் கண்டு சிரித்தாள்.

ட்ராஃப்டின் கடைசிப் பெயரும் வாசிக்கப்பட்ட பிறகு யதுர்சன் அழைத்தான். வீட்டாரோடு எப்போதும் டெனிஷில் கதைக்கிறவன், அன்று தமிழில் கதைத்தான்.

"அவை வேறை ஷோர்ட்ஸ்டொப்பை எடுத்திட்டினம், அப்பா. அவன் என்னளவுக்குப் பிடிக்கமாட்டான். அவன்ரை வீட்டிலை ஓம் எண்டவையாம்."

மகேந்திரராசாவுக்குப் பழைய கேக் கதை நினைவுக்கு வந்தது. டென்மார்க்குக்கு வந்த புதிதில், தையல் தொழிற்சாலையின் இடைவேளையில் கேக் நீட்டினார்கள். பசியோடு இருந்தும் மரியாதைக்கு வேண்டாம் என்றார். தட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டது. அன்று முழுவதும் பட்டினி. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை கொண்டாட்டங்களில் ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறார்.

"நான் அவரோடை கதைச்சுப் பாக்கட்டோ?"

"வேண்டாம்."

"ஒருக்காத் தம்பி. அப்பா பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு…"

"வேண்டாம், அப்பா."

மூன்றாம் தரமும் கேட்டார். சாரங்கா அவருடைய கையிலிருந்து தொலைபேசியை மெல்ல வாங்கினாள். மறுமுனை ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தது.