இடது கட்டைவிரல்

ராத்திரி இறந்துபோன அப்பாவின் கையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு வந்தவள் இடது கட்டைவிரலைக் கண்டு நிறுத்தினாள். நீல மை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர், சலவைச் சீட்டில்கூட முழுக் கையெழுத்துப் போடுகிறவர். அவருக்கா கைநாட்டு?

நேற்று மாலை, நினைவு தப்பிக் கிடந்த அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சித்தப்பா அவளை மருந்து வாங்க அனுப்பியிருந்தார்.

சித்தப்பா வக்கீல். பேச்சுரிமை பற்றி அவர் பேச எழுந்தால் மற்றவர்களின் பேச்சுரிமைக்கு அன்றைக்கு லீவு. அப்பா அவருக்கு வைத்த பெயர் மைக். அப்பாவின் கேஸை ஆறு வருஷமாக நடத்தியவரும் அவர்தான். வழிபாட்டு மன்றத்தில் பின்தெருக்காரர்களை வாசலோடு நிறுத்துகிறார்கள் என்று அப்பா தன் நாலு பக்கப் பத்திரிகையில் எழுதப்போக, மன்றத் தலைவர் தன் மானம் போனதாக அவதூறு வழக்குப் போட்டார். மன்னிப்புக் கேட்டால் வாபஸ்.

"கும்பிடறது அவங்க உரிமை. கும்பிடாம இருக்கறது என் உரிமை. நடந்ததை எழுதினதுக்கு மன்னிப்பு எதுக்கு?" என்பார் அப்பா. "நான் செத்தா கேஸும் செத்துடும்னு மைக்கே சொல்லிட்டான். பாவம், தலைவரோட மானம் என் ஆயுசை நம்பி இருக்கு!"

துடைத்து முடித்து, வெள்ளை விரிப்பைப் போர்த்திவிட்டு வெளியே வந்தாள். கதவருகே மலர்வளையத்தோடு தலைவர், பக்கத்தில் சித்தப்பா.

"உங்கப்பாவுக்குப் பெரிய மனசும்மா. கடைசி நேரத்துல மன்னிப்பு கேட்டுட்டார். கைநாட்டு வெச்ச அந்தக் கடுதாசியை மன்றத்துல கண்ணாடி போட்டு மாட்டப் போறோம். சித்தப்பா சொல்லலையா? இனிமே எங்க சட்ட ஆலோசகரே அவர்தான்."

சித்தப்பா அவசரமாகக் கூரையைப் பார்த்தார். மின்விசிறியில் அப்படியொன்றும் விசேஷமில்லை.

"ஒரு ராத்திரி பொறுத்திருந்தா கேஸ் தானா போயிருக்குமே, சித்தப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

"அண்ணன் மனபாரம் இல்லாம போகணும்னுதாம்மா..."

"அவருக்கு நினைவே இல்லையே."

"இதெல்லாம் இப்ப பேசற விஷயமா? எல்லாரும் வந்துட்டாங்க பாரு."

வந்திருந்தார்கள். அச்சகத்துக்காரர்கள், பத்திரிகை வாங்குகிறவர்கள், பின்தெருக்காரர்கள். கூட்டத்தைக் கண்டதும் சித்தப்பாவின் முகத்தில் தெளிவு வந்துவிட்டது. தொண்டையைக் கனைத்தார்.

"கருத்துச் சுதந்திரத்தின் காவலர்! யாருக்கும் தலைவணங்காத என் அண்ணன்..."

அவள் உள்ளே போனாள். விரிப்புக்குள்ளிருந்து அப்பாவின் இடது கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தாள். கட்டைவிரல் மேலே தெரியும்படி நேர்ப்படுத்தினாள். ஈரத் துணியை வாளியில் போட்டாள்.

வரிசையில் முதலாவதாக வந்தவர் அச்சகத்தில் அப்பாவோடு வேலை பார்த்த அச்சுக் கோர்ப்பவர். குனிந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கடைசி ப்ரூஃப் பார்ப்பதுபோல் விரலையே பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, பேசிக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்தார்.

அவருக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது.