மையத்தில் வெடிக்கும் விடை

கரும்பலகையின் நடுவில் ஒரு புள்ளியைக் குத்திவிட்டு லூர்து திரும்பிப் பார்க்கிறான், முழங்கைவரை சாக்பீஸ் தூள், இதுதான் பிலோமி மையம், துகள் கிட்ட வர வர இழுப்பு ஏறிக்கிட்டே போவுது, புள்ளியிலேயே போய் நின்னா இழுப்புக்கு அளவே கிடையாது என்கிறான், பிலோமினாவுக்கு அது தெரியும், அவளும் அவனோடு அதே கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள், அப்போது இன்னும் மணமாகவில்லை, இல்லை, ஆகிவிட்டது, கழுத்தில் புதுத்தாலி உறுத்தியது நினைவிருக்கிறது, ஜன்னல் வெயிலில் அவன் முகத்தின் ஒரு பாதி வெளிறிக் கிடக்கிறது, மறுபாதியை எவ்வளவு முயன்றும் இப்போது அவளால் காண முடியவில்லை. அவன் போய் ஒரு வருடமாகிறது, குளிக்கப் போனவன் வரவில்லை, தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, மாரடைப்பு என்றார்கள்.

அவன் முடித்து வைத்துவிட்டுப் போன ஆய்வுக் கட்டுரையை அவள்தான் ஆய்விதழுக்கு அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள், மாமா, லூர்து பேர் அச்சுல வரப்போவுது என்று அவள் சொன்னபோது, பொன்மலை ரயில்வே பணிமனையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் சவரிமுத்து எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார், மகன் அடக்கத்துக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது அன்றைக்குத்தான்.

கடைசியாக ஒருமுறை பிழை பார்த்துத் தரச் சொல்லி அச்சுப்படி வந்தது, எழுத்துப் பிழை தேடப்போனவளின் கண் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது, சமன்பாட்டுக்கு இரண்டு விடைகள், ஒன்று மையத்தருகே அடங்குகிறது, மற்றது கட்டில்லாமல் வளர்ந்து வெடிக்கிறது, வெடிப்பதை அவன் செல்லாதென்று ஒரே வரியில் தள்ளியிருந்தான், அவள் தள்ளாமல் கூட்டிப் பார்த்தாள், மொத்தம் அளவுக்குள் அடங்கியது, அப்படியானால் அதுவும் செல்லும், இரண்டும் எந்த விகிதத்தில் கலக்கும் என்பதைச் சமன்பாடு சொல்லாது, அந்தப் புள்ளியில் என்ன நடக்கிறதென்று வெளியிலிருந்து யாராவது சொல்லியாக வேண்டும், துகளின் ஆற்றல் இவ்வளவுதான் என்று லூர்து அடித்துச் சொன்ன ஒற்றை விடை நிற்காது, அது எதுவாகவும் இருக்கலாம். திரும்பத் திரும்பப் போட்டாள், மதியம் அசந்தபோது கனவிலும் போட்டாள், அவன் பக்கத்தில் வெங்காயம் நறுக்கியபடி விட்டுடேன் பிலோமி என்கிறான், எப்படி லூர்து விட, என்கிறாள், அவன் நிமிர்ந்து பார்க்கவேயில்லை, விழித்தபோதும் கணக்கு அப்படியேதான் இருந்தது.

மாமனாரிடம் சொன்னாள். தப்புன்னா திருத்திப் போட்ரும்மா என்றார், திருத்துனா ஒண்ணும் மிஞ்சாது மாமா, இதுதான்னு ஒரு விடையே இல்லன்னுதான் வரும். தப்பாவே வரட்டுமே தாயி, யாரு பாக்கப் போறா. பாப்பாங்க மாமா, அத நம்பி இன்னொருத்தன் கணக்குப் போடுவான், அப்புறம் லூர்து பேரச் சொல்லித்தான் தப்பும்பாங்க. அவர் தலையாட்டினார், ஒப்புக்கொண்டு ஆட்டியதாக அவளுக்குத் தோன்றவில்லை. அதுக்குத் தலைப்பு என்னான்னு மட்டும் ஒருதரம் படியேன் என்று கேட்டார், ஆங்கிலத்தில் படித்தாள், அவருக்குப் புரியாது, இன்னொருதரம் என்றார், படித்தாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பினாள், இறந்தவன் பெயரை எழுத ஒரு வரி, அவன் தவறை எழுத ஒரு வரி, வேறெதுவும் தேவைப்படவில்லை. சவரிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், எங்க மாமா இந்த வெயில்ல, மொதப் பக்கத்த மாட்டி வைக்கலாம்னு கடையில ஃபிரேம் சொல்லியிருந்தேன், வேணாம்னு சொல்லிட்டு வந்துர்றேன் என்று செருப்பைத் தேடினார், அவளுக்கு அது தெரியாது, அவர் சொன்னதேயில்லை.

பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தார், கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய படச்சட்டம், நேத்தே அளவுக்கு அறுத்துட்டானாம்மா, திருப்பி எடுக்க மாட்டேங்கறான் என்றார், தாளைப் பிரித்தார், தேக்கு நிறம், துடைத்த கண்ணாடி, உள்ளே ஒன்றுமில்லை, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பேரும் கூடத்தில் நிற்கிறார்கள்.